சைக்கிள் சீட்டை வீட்டிலேயே அளப்பது: டேப், நூல், ஒரு அட்டைத் துண்டு

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. முதலாவது, சீட் உயரத்தை டேப் வைத்து அளந்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் வருகிறது, ஒரு சென்டிமீட்டர் வரைகூட வித்தியாசம். இரண்டாவது, 27.5 செ.மீ. நீளமுள்ள பழைய சீட்டைக் கழற்றிவிட்டு 24.5 செ.மீ. நீளமுள்ள குட்டை சீட்டைப் போட்டு, பழைய அளவுகளையே வைத்தும் சீட் தாழ்ந்துவிட்டது போலிருக்கிறது, கைகளில் பாரம் ஏறுகிறது. வீட்டில் கிடக்கும் சாமான்களை வைத்து இதைச் சரியாக அளக்க முடியுமா?

முடியும். எஃகு டேப், கொஞ்சம் நூல், நூலில் கட்ட கனமான நட்டு, கெட்டி அட்டை, வளையாத ஒரு மரச்சட்டம், ரசமட்டம் அல்லது போன். இவ்வளவு போதும். டேப்பில் தப்பு இருப்பது அபூர்வம். டேப்பின் இரண்டு முனைகளையும் எங்கே வைக்கிறோம், அந்த நேரத்தில் சைக்கிள் எப்படி நிற்கிறது என்ற இரண்டில்தான் உங்கள் ஒரு சென்டிமீட்டர் ஒளிந்திருக்கிறது.

ஒன்றை முதலிலேயே பிரித்து வைத்துவிடுகிறேன். உடம்புக்கு எந்த உயரம் சரி என்பது ஒரு கேள்வி. இப்போது இருக்கும் இடத்தைக் குறித்து வைத்து, சீட்டைக் கழற்றி மாட்டினாலும் அதே இடத்துக்குத் திரும்பி வர முடியுமா என்பது வேறு கேள்வி. எல்லோரும் முதல் கேள்விக்குத்தான் ஓடுகிறார்கள். இரண்டாவது கைவராமல் முதலாவதில் ஒன்றும் செய்ய முடியாது. 5 மி.மீ. ஏற்றினேன், வலி குறைந்தது என்பவருடைய அளவிலேயே 10 மி.மீ. ஆட்டம் இருந்தால், அவர் ஏற்றினாரா இறக்கினாரா என்பதே தெரியாது.

எனக்கே நடந்தது. ஒரு பயணத்துக்காகச் சைக்கிளைப் பெட்டியில் அடைக்க சீட் போஸ்டை (சீட்டைத் தாங்கும் குழாயை) உருவினேன். போய்ச் சேர்ந்ததும் கண்மதிப்பில் மாட்டிவிட்டேன். நான்காம் நாள் முழங்காலின் முன்பக்கம் வலி. திரும்பி வந்து நோட்டில் எழுதி வைத்திருந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சீட் 8 மி.மீ. தாழ்ந்திருந்தது. உருவும் முன் போஸ்டில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தால் போதும், அந்த வலியே வந்திருக்காது.

சரி, அளவுக்கு வருவோம். எடுத்தவுடனே சீட்டைத் தொடாதீர்கள். முதலில் தரையைப் பாருங்கள்.

வீட்டுத் தரை மட்டமாக இருக்கிறது என்று நாம் நம்புகிறோம். பால்கனி, குளியலறை, வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் தண்ணீர் ஓட வேண்டுமென்றே சரிவாகப் போட்டவை. கூடத்திலும் சரிவு இருக்கலாம். சைக்கிள் முன்பக்கமாக ஒரே ஒரு டிகிரி சரிந்து நின்றால்கூட, கிராங்க் அச்சுக்கு (பெடல் மாட்டிய கைகள் சுற்றும் அச்சு) 70 செ.மீ. மேலே இருக்கும் சீட் 12 மி.மீ. முன்னால் வந்துவிடும். சீட் போல்ட்டை யாரும் தொடவேயில்லை, ஆனால் அளவு 12 மி.மீ. மாறிவிட்டது. கூடத்தில் ஒரு நாள், பால்கனியில் ஒரு நாள் அளந்தவருக்கு இரண்டு எண்கள் வருவதில் ஆச்சரியம் என்ன?

இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம், சைக்கிளைத் திருப்பினால் போதும். இரண்டு டயர்களும் தரையைத் தொடும் இடங்களில் மாஸ்கிங் டேப்பால் குறி வையுங்கள். சீட்டின் நுனி, கிராங்க் அச்சிலிருந்து எவ்வளவு பின்னால் இருக்கிறது என்று அளங்கள் (எப்படி என்பது கீழே வருகிறது). அப்புறம் சைக்கிளை அப்படியே திருப்பி, முன்சக்கரம் நின்ற குறியில் பின்சக்கரத்தையும் பின்சக்கரம் நின்ற குறியில் முன்சக்கரத்தையும் நிறுத்தி மறுபடி அளங்கள். முதலில் 58 மி.மீ., திருப்பிய பிறகு 72 மி.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். உண்மையான அளவு இரண்டின் நடு, அதாவது 65. ஒரு பக்கம் 7 மி.மீ. குறைத்துக் காட்டிய அதே சரிவு, மறுபக்கம் 7 மி.மீ. கூட்டிக் காட்டியிருக்கிறது. 700 மி.மீ. உயரத்துக்கு 7 மி.மீ. என்றால் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு. இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மீட்டர் இருக்கும். ஆகவே முதல் நிலையில் முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு அட்டையோ புத்தகமோ வைத்தால் சைக்கிள் மட்டமாகிவிடும். அந்தக் குறிகளை அழிக்காதீர்கள். இனி எப்போதும் அங்கேதான் அளக்க வேண்டும், அதே அட்டையை வைத்து.

ரசமட்டத்தையும் இப்படியே சோதிக்கலாம். ஒரே இடத்தில் ஒரு தடவை வைத்து, முனை மாற்றி இன்னொரு தடவை வையுங்கள். குமிழி இரண்டு தடவையும் அறையின் ஒரே பக்கம் ஒதுங்கினால் அடியில் இருக்கும் பரப்பு சரிவு. பக்கம் மாறி ஒதுங்கினால் ரசமட்டமே கோணல். போனுக்கும் இதே சோதனை செல்லும். போனைப் படுக்க வைத்தால் கேமரா மேடு ஒரு பக்கம் தூக்கிவிடும். அதனால் அதன் நீளமான ஓரத்தில் நிறுத்தி வையுங்கள்.

பக்கவாட்டிலும் சைக்கிள் நேராக நிற்க வேண்டும். ஸ்டாண்டில் 5 டிகிரி சாய்ந்து நிற்கும் சைக்கிளில், தரையிலிருந்து சீட் உயரம் மூன்று நான்கு மி.மீ. குறைவாகத்தான் வரும். யாரையாவது ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் கதவு நிலையில் ஒரு பக்கம் சாத்தி, சக்கரம், நட்டு கட்டித் தொங்கவிட்ட நூலுக்கு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும்.

அடுத்தது சீட்டின் சாய்வு. மற்ற எல்லா அளவையும் இது பாதிக்கும் என்பதால் இதை முதலில் எடுக்கிறேன். சீட்டின் மேல்பரப்பு வளைந்து நெளிந்து இருப்பதால் ரசமட்டத்தை நேராக அதன்மேல் வைத்துப் பயனில்லை. நுனி முதல் வால் வரை மூடும்படி ஒரு நேரான சட்டத்தையோ கெட்டி அட்டை போட்ட பெரிய புத்தகத்தையோ வைத்து, அதன்மேல் மட்டம் பாருங்கள். மட்டமே இல்லாவிட்டாலும் டேப் போதும். சட்டத்தில் 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு குறி போட்டு, தரையிலிருந்து இரண்டின் உயரத்தையும் அளங்கள். வித்தியாசம் 5 மி.மீ. என்றால் சாய்வு ஏறக்குறைய ஒரு டிகிரி. (தரைச் சரிவை அட்டையால் சரிக்கட்டியிருந்தால் இங்கே ரசமட்டத்தைத்தான் நம்ப வேண்டும், தரையை அல்ல.) மட்டத்தில் தொடங்கி, தேவைப்பட்டால் நுனியை ஒன்றிரண்டு டிகிரி தாழ்த்துவது வழக்கம். அதற்கு மேல் தாழ்த்தினால் உடம்பு முன்னால் வழுக்கி, கைகள் அதைத் தாங்க வேண்டியிருக்கும்.

இனி உயரம். கிராங்க் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை உள்ள தூரம்தான் சீட் உயரம். தரையிலிருந்து அளப்பது இரண்டாம்பட்சம், டயர் மாற்றினால் அது மாறிவிடும். இடது பக்கத்தில் அளங்கள். வலது பக்கம் செயின், பல்சக்கரம் எல்லாம் குறுக்கே நிற்கும். சில கிராங்குகளில் அச்சின் நடுவே வெறும் ஓட்டைதான் இருக்கும். அதன்மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, மையத்தில் பேனாவால் புள்ளி வைத்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் உத்தேசமாகப் பிடிக்க வேண்டாம். எஃகு டேப்பின் நுனிக் கொக்கி கொஞ்சம் ஆடும். உள்ளளவுக்கும் வெளியளவுக்கும் அதன் கனம் ஈடாகட்டும் என்று வேண்டுமென்றே ஆடவிட்டிருப்பார்கள். அந்தத் தொல்லை வேண்டாமென்றால் 10 செ.மீ. கோட்டைப் புள்ளியில் வைத்து அளந்து, வரும் எண்ணிலிருந்து 10 கழியுங்கள்.

இங்கே பெரும்பாலானோர் கவனிக்காத ஒரு பிழை இருக்கிறது. கிராங்க் கையின் வெளிப்பக்கம் சைக்கிளின் நடுக்கோட்டிலிருந்து ஆறேழு சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். சீட்டின் முதுகோ நடுக்கோட்டில் இருக்கிறது. அங்கிருந்து இங்கே டேப்பை இழுத்தால் அது சாய்வாகத்தான் போகும். 73 செ.மீ. உயரத்துக்கு 6.5 செ.மீ. பக்கவாட்டு விலகல் என்றால் டேப் 73.3 காட்டும். 3 மி.மீ. கூடுதல். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி சாய்த்தால் பாதகமில்லை. ஒரு நாள் சீட்டின் ஓரத்தில் நிறுத்தி, இன்னொரு நாள் நடுவில் நிறுத்தினால்தான் எண் ஆடும். நான் செய்வது இது: சீட்டின் குறுக்கே மரச்சட்டத்தை வைத்து இடது பக்கம் கிராங்க் கைக்கு நேர்மேலே நீட்டிவிடுவேன். டேப்பைக் கிராங்க் மையத்திலிருந்து அந்தச் சட்டத்தின் அடிப்பக்கத்துக்கு இழுப்பேன். சட்டம் சீட்டின்மேல் உட்கார்ந்திருப்பதால் அதன் அடிப்பக்கம்தான் சீட்டின் மேல்பரப்பு. டேப்பும் நேராக நிற்கும்.

சட்டத்தைச் சீட்டின் எந்த இடத்தில் வைப்பது? முக்கியமான கேள்வி இதுதான், உங்கள் இரண்டாவது பிரச்சினைக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. நீளமான சீட்டுக்கும் குட்டை சீட்டுக்கும் நுனி ஒரே இடம் அல்ல, வாலும் ஒரே இடம் அல்ல. நாம் உட்காருவது நுனியிலும் இல்லை, வாலிலும் இல்லை. ஆகவே சீட்டின் அகலத்தை வைத்து ஒரு புள்ளியைப் பிடிக்க வேண்டும். ஓட்டுபவரின் உடம்புக்குச் சைக்கிளைப் பொருத்தும் வேலையில் இருப்பவர்களில் பலர் சீட் 80 மி.மீ. அகலம் வரும் இடத்தைப் பிடிப்பார்கள், சிலர் 75. எதுவானாலும் சரி, ஒன்றையே எப்போதும் பிடியுங்கள்.

இதற்குத்தான் அட்டை. கெட்டி அட்டையில் சரியாக 80 மி.மீ. அகலத்துக்கு, ஒரு சாண் ஆழம்கூட வேண்டாம், ஆறேழு சென்டிமீட்டர் ஆழத்துக்கு ப வடிவில் ஒரு வாய் வெட்டுங்கள். வெட்டிய வாய் கீழே பார்க்கும்படி அட்டையைச் செங்குத்தாகப் பிடித்து, சீட்டின் நுனியிலிருந்து பின்னால் நகர்த்திக்கொண்டே போங்கள். நுனி ஒல்லியாக இருப்பதால் முதலில் எளிதாகப் போகும். ஒரு இடத்தில் இரண்டு பக்கமும் தட்டி நின்றுவிடும். அங்கே மாஸ்கிங் டேப்பால் குறுக்கே கோடு போடுங்கள். இனி உயரம், பின்தூரம், ஹேண்டில்பாருக்கு உள்ள தூரம் எல்லாம் இந்தக் கோட்டிலிருந்துதான். கழற்றி வைத்த பழைய சீட் கையில் இருந்தால் அதிலும் இதே அட்டையால் கோடு போட்டு, நுனியிலிருந்து கோடு வரை இரண்டிலும் எவ்வளவு என்று எழுதி வையுங்கள்.

பின்தூரம் என்று நான் சொல்வது, கிராங்க் அச்சின் வழியாக ஒரு செங்குத்துக் கோடு போட்டால் சீட்டின் குறி அதிலிருந்து எவ்வளவு பின்னால் இருக்கிறது என்பதை. நூலில் நட்டைக் கட்டினால் தூக்குக்குண்டு தயார். குறுக்கே வைத்த சட்டத்தின் நுனியில், குறிக்கு நேராக நூலைத் தொங்கவிடுங்கள். சீட்டிலிருந்தே தொங்கவிட்டால் நூல் சட்டகக் குழாயில் இடித்துக்கொள்ளும். நட்டு ஆடிக்கொண்டே இருந்தால் அதை ஒரு டம்ளர் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள், சீக்கிரம் அடங்கும். நூலிலிருந்து கிராங்க் மையம் வரை தரைக்கு இணையாக அளந்தால் பின்தூரம் வந்துவிடும்.

நூல் பொறுமையைச் சோதித்தால் சுவர் இருக்கிறது. பின்டயரைச் சுவரில் முட்டவிட்டு, சுவரிலிருந்து கிராங்க் மையம் வரை ஒரு அளவு, சுவரிலிருந்து சீட் குறி வரை ஒரு அளவு, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டியதுதான். கிராங்க் 74.4, சீட் நுனி 67.9 என்றால் நுனியின் பின்தூரம் 6.5 செ.மீ. வேகமான முறை. ஆனால் சுவர் செங்குத்தாக இருக்கிறதா என்று ஒரு தடவை நூல் விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். சாய்ந்த சுவரும் சரிந்த தரை செய்யும் வேலையைத்தான் செய்யும்.

சீட் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறதா என்பதற்கு அளவே வேண்டாம். பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சீட்டின் நடுப்பள்ளத்தை மேற்குழாயோடு சேர்த்துப் பாருங்கள்.

எந்த உயரம் சரி என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், எப்படியும் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நின்று, கால்களுக்கு நடுவே ஒரு கெட்டிப் புத்தகத்தைச் சீட்டில் உட்காரும் அழுத்தம் வரும் அளவுக்கு மேலே இழுத்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளங்கள். இது கால் நீளம். இரண்டு சூத்திரங்கள் பிரபலம். ஒன்று, கால் நீளத்தை 0.883 ஆல் பெருக்கினால் கிராங்க் அச்சிலிருந்து சீட் உயரம். அமெரிக்க சைக்கிள் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் மூலம் பரவியது. இன்னொன்று, 1967இல் ஹாம்லி, தாமஸ் ஆகியோரின் ஆய்விலிருந்து வந்தது, கால் நீளத்தில் 109 சதவீதம். இது கீழே இருக்கும் பெடலிலிருந்து அளப்பது.

82 செ.மீ. கால் நீளத்துக்குப் போட்டுப் பாருங்கள். முதல் சூத்திரம் 72.4 தருகிறது. இரண்டாவது 89.4, அதில் 17 செ.மீ. கிராங்கைக் கழித்தால் அதே 72.4. அடடா என்று தோன்றும். ஆனால் 76 செ.மீ. கால் நீளத்துக்கு 67.1 என்கிறது ஒன்று, 65.8 என்கிறது மற்றது. 90 செ.மீ. காலுக்கு 79.5, 81.1. நடுத்தர உயரக்காரர்களுக்கு இரண்டும் ஒத்துப்போவதால்தான் இரண்டுமே சரி என்று பெயர் வாங்கியிருக்கின்றன. குட்டையானவருக்கும் நெட்டையானவருக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் சண்டை போடுகின்றன. அதனால் சூத்திரத்தைத் தொடங்குமிடமாக மட்டும் வைத்துக்கொண்டு, குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள். பெடல் மிகக் கீழே போகும்போது கால் நேராக நிமிர வேண்டும், இடுப்பு ஆடக்கூடாது. ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதி பெடலில் இருப்பதால் முழங்கால் தானாகவே கொஞ்சம் மடங்கும். முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருந்தால் நல்லது என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் இழுத்தால் உயரம். ஒரு தடவைக்கு 3 முதல் 5 மி.மீ.க்கு மேல் மாற்றாதீர்கள். போஸ்டில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியும்படி ஒருபோதும் ஏற்றாதீர்கள்.

பெடல் முன்னால் படுக்கைவாட்டில் இருக்கும்போது முழங்காலிலிருந்து விடும் நூல் பெடல் அச்சில் விழ வேண்டும் என்ற விதியையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் அதற்குப் பெரிய மரியாதை தருவதில்லை. மல்லாந்து படுத்து ஓட்டும் சைக்கிள்களில் முழங்கால் பெடலுக்கு மேலேயே வராது, அவர்களும் நன்றாகத்தான் ஓட்டுகிறார்கள். நூலின் கோடு மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க உதவும், அவ்வளவுதான்.

ஒன்றை மாற்றினால் இன்னொன்று நகரும் என்பதை மறக்கக்கூடாது. சீட் போஸ்ட் செங்குத்தாக இல்லை, ஏறக்குறைய 73 டிகிரியில் பின்னால் சாய்ந்திருக்கிறது. அதை 10 மி.மீ. ஏற்றினால் சீட் 3 மி.மீ. பின்னாலும் போகும். அதேபோல் சீட்டை அதன் அடிக்கம்பிகளில் 10 மி.மீ. பின்னால் தள்ளினால் பெடலுக்கு உள்ள தூரம் 3 மி.மீ. கூடும், முன்னால் தள்ளினால் 3 மி.மீ. குறையும். பின்தூரத்தை மாற்றியவுடன் உயரத்தை மறுபடி அளக்கச் சொல்வது இதனால்தான்.

இப்போது உங்கள் புது சீட். பழைய சீட்டின் நுனி இருந்த இடத்தில் புது நுனியை வைத்திருக்கிறீர்கள். புது சீட் 3 செ.மீ. குட்டை. அந்த நீளம் நுனிப்பக்கம்தான் வெட்டப்பட்டிருக்கிறது என்றால், 80 மி.மீ. அகலம் வரும் இடம், அதாவது நீங்கள் உட்காரும் இடம், முன்பைவிட 3 செ.மீ. முன்னால் வந்துவிட்டது. 10க்கு 3 என்ற கணக்கில் பெடலுக்கு உள்ள தூரம் 9 மி.மீ. குறைந்துவிட்டது, சீட் தாழ்ந்த மாதிரி இருப்பது அதனால்தான். உடம்பு ஹேண்டில்பாரை நோக்கி நகர்ந்துவிட்டதால் கையில் பாரம். பழைய எண்களில் தப்பில்லை, அவை நுனியிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதுதான் சிக்கல்.

எனவே, பழைய சீட்டில் அட்டையால் போட்ட கோடு நுனியிலிருந்து எவ்வளவு பின்னால் இருக்கிறதோ, அதைப் பழைய நுனிப் பின்தூரத்தோடு கூட்டுங்கள். புது சீட்டின் கோடு அந்தப் பின்தூரத்தில் நிற்க வேண்டும். சாய்வைச் சரிபார்த்து, பிறகு உயரத்தை அந்தக் கோட்டிலிருந்து அளங்கள். மூன்று தடவை அளங்கள். ஒவ்வொரு தடவையும் டேப்பை முழுக்க எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். மூன்றும் 2 மி.மீ.க்குள் வந்தால் எழுதி வையுங்கள், கூடவே தேதி, கிராங்க் நீளம் (கையின் உட்பக்கம், பெடல் மாட்டும் முனைக்கு அருகில் 170, 175 என்று பொறித்திருக்கும்), எந்தப் பெடல், எந்த ஷூ என்பதையும். பழைய சீட் மெத்தென்று அமுங்கக்கூடியதாகவும் புதியது கடினமாகவும் இருந்தால், எண் ஒன்றாக இருந்தும் புதியது இரண்டு மூன்று மி.மீ. உயரமாகத் தோன்றலாம், ஓட்டிப் பார்த்துக் குறைத்துக்கொள்ளுங்கள்.

3 செ.மீ. பின்னால் தள்ள சீட்டின் அடிக்கம்பிகளில் இடமில்லாமல் போகவும் வாய்ப்புண்டு. அப்படியானால் தலைப்பகுதி பின்னால் தள்ளி இருக்கும் வேறு சீட் போஸ்ட்தான் வழி. கிளாம்பைக் கம்பி வளையத் தொடங்கும் இடத்தில் வைத்து இறுக்கிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், கம்பி அங்கேதான் ஒடியும்.